பக்கத்து சீட்

சிவப்பு என்றால் உடனே பிரித்துப்போட்டுத் திருத்தி எழுது, மஞ்சள் என்றால் யோசி, பச்சை என்றால் பேசாமல் உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ. புதிதாக வாங்கிய கருவியைப் பற்றி நஸ்ரின் காலையில் சொன்ன விளக்கம் இவ்வளவுதான். நஸ்ரின்தான் இப்போது டீம் லீட், வசுமதியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், கெட்டிக்காரி, எதையும் வளவளவென்று இழுக்கமாட்டாள். அந்தக் கருவி பழைய நிரலை வரிவரியாகப் படிக்கும், எந்த இடம் சிக்கலாகக் கிடக்கிறது, எந்த இடத்தை ஆட்கள் திரும்பத் திரும்பத் திறந்து கை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும், இரண்டும் சேர்ந்த இடத்தில் சிவப்பு அடித்துவிடும். ஓயாமல் கை வைக்க வேண்டியிருந்தால் அடியிலேயே கோளாறு என்று அதற்கு எண்ணம். மதியச் சாப்பாடு முடிந்து தயிர்சாதத்தின் தூக்கம் கண்ணை அழுத்த, வசுமதி கருவி போட்டுக் கொடுத்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் போடுகிற அவர்கள் மென்பொருள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் பரந்து கிடந்தது. பெரும்பாலும் பச்சை, அங்கங்கே மஞ்சள், நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் குங்குமத்தைக் கொட்டின மாதிரி சிவப்பு. அதன்மேல் இருந்த பெயர் பக்கத்துசீட். யார் பக்கத்தில் யாரை உட்கார வைக்கலாம் என்று முடிவு பண்ணுகிற பகுதி. தனியாக வருகிற பெண்ணுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஆண் வரக்கூடாது, புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துப் போடக்கூடாது, கைக்குழந்தைக்காரிக்குக் கடைசி வரிசை கூடாது, இப்படி ஊர் நியாயம் எல்லாம் அதற்குள் இருந்தது. பெயர் வைத்தவள் வசுமதி. எழுதியதில் பாதியும் அவள். நாலு மணிக்குக் கூட்டம். கூட்டத்தில் எல்லோரும் சரி என்று தலையாட்டிவிட்டால் பக்கத்துசீட் போய்விடும், புதிதாக ஒன்றை எழுதிவிடுவார்கள். அடுத்த மாதம் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றும்போது பழைய திருத்தங்களின் வரலாற்றை விட்டுவிட்டுத்தான் போகப்போகிறார்கள், அதுவும் முடிவாகிவிட்டது. ஆக, போனால் போனதுதான். போகட்டுமே, அதற்கென்ன இப்போது, சரி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே.

சரி. அந்த வார்த்தை காலையிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. தோசையை விண்டு சட்னியில் தொட்டுக்கொண்டே அவள் வீட்டுக்காரர் குணசீலன் சொன்னார், ஹைதராபாத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது, இங்கே வீட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பதற்கு அங்கே போய்ப் பார்க்கலாமென்று தோன்றுகிறது, இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்று. அவரும் கம்ப்யூட்டர் வேலைதான், வேறு கம்பெனி, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற வேலை. வசுமதி "சரிங்க" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டாளா, நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டாளா, பெண் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், நீங்களும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் சுவரோடு பேசிக்கொண்டு இருக்கவா என்று கேட்டாளா, ஒன்றும் இல்லை. சரிங்க. கேஸ் வந்துச்சா, வந்துச்சுங்க. கரண்ட் பில் கட்டியாச்சா, கட்டியாச்சுங்க. ஹைதராபாத் போகட்டுமா, சரிங்க. அதே மூச்சில், அதே குரலில். அவர் தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கை காய்ந்துபோயிற்று. பிறகு எழுந்து கழுவப் போனார். ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்? இன்னும் ஏதாவது சொல்வாள் என்றா? இல்லை, தோசை சரியாக வேகவில்லையா? அடக் கடவுளே, இதைக்கூட இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு காலத்தில் அந்த ஆள் ஒரு கமாவை எந்தக் கோபத்தில் போட்டிருக்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியும். அன்றைய குணா அவளுக்கு அவன், வீட்டில் இருக்கிற குணசீலன் அவர். ஒரே ஆளை இப்படி இரண்டாக வைத்துக்கொண்டிருப்பது அவளுக்கே இன்றைக்குத்தான் உறைத்தது, உறைத்ததும் ஏசி காற்று முதுகில் சில்லென்று ஏறியது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவன் அப்போது மெட்ராஸில். கோயம்பேட்டில் பஸ் கம்பெனிக்காரர்களின் ஆபீஸ், கீழே புக்கிங் கவுன்டர், மேலே தகரக் கூரை போட்ட ஒரு அறை, அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க இங்கேயிருந்து அவனை அனுப்பியிருந்தார்கள். உள்ளே போகும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்கள், கம்ப்யூட்டரில் எந்தச் சாட்டிங்கும் திறக்காது. இங்கே கோயம்புத்தூரில் வசுமதி, பழைய ஆபீஸ், ஆவாரம்பாளையத்தில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, எப்போதும் இலவம்பஞ்சு பறக்கும், தும்மிக்கொண்டேதான் வேலை. இரண்டு பேரும் ஒரே பகுதியை எழுத வேண்டும், பேசுவதற்கு வழி கிடையாது. எழுதியதை ஆபீஸ் சர்வரில் ஏற்றினால் அவனுக்குப் போகும், அவன் ஏற்றினால் அவளுக்கு வரும். நிரலுக்கு நடுவே கமென்ட் என்று குறிப்பு எழுதுவார்கள் இல்லையா, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போய்விடுகிற வரிகள், அடுத்து வருகிறவன் புரிந்துகொள்வதற்காக எழுதுகிற வரிகள், அதில்தான் ஆரம்பித்தது. முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஜன்னல் சீட்டைப் பெண்களுக்கு முதலில் கொடு என்று அவள் எழுதினாள். அதற்குக் கீழே அவன் எழுதினான், ஏன், ஆண்களுக்குக் காற்று வேண்டாமா? அவள் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டாள், தனியாக, பஞ்சு பறக்கிற அறையில். ஆண்கள் எட்டிப் பார்த்துத் துப்புவார்கள், அதனால் கிடையாது என்று எழுதி ஏற்றினாள். ஏற்றுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே, ஒரு காலி வரியைச் சேர்த்தாள். மறுநாள் அவன் அந்தக் காலி வரியை எடுத்துவிட்டு ஏற்றினான். அதற்கு மறுநாள் அவள் மறுபடி சேர்த்தாள். இங்கே மழை. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே ஒரு கிழவர் திருச்செந்தூருக்கு டிக்கெட் கேட்டுவிட்டுத் திருச்சூருக்கு வாங்கிக்கொண்டு போகிறார், நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? அதெல்லாம் ஒரு சாப்பாடா? இப்படியே போயிற்று. எல்லாம் பஸ் சீட்டுக்கு நடுவில், அந்த இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிற தமிழில்.

அதில் வேடிக்கை, அப்போதைய மேனேஜர் திருமலைசாமிக்கு நிரலும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது. யார் எத்தனை தடவை ஏற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் திங்கட்கிழமை பார்ப்பார். கோயம்பேட்டுப் பையனும் இந்தப் பொண்ணும்தான் ராப்பகலா உழைக்கறாங்க, மத்தவங்களுக்கெல்லாம் என்ன கேடு என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன். எத்தனை நாள் அப்படி, ஒரு வருஷத்துக்கு மேலேயே. காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆபீஸ் படியேறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், வந்திருக்குமா வந்திருக்குமா என்று, அந்த மாதிரி ஒரு படியேற்றம் அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் வரவில்லை. ஒரு நாள் அவன் எழுதியிருந்தான், பக்கத்து சீட் காலியா? அவளுக்குப் புரிந்துவிட்டது, கீழே மெத்தைக் கடையில் யாரோ பஞ்சு அடிக்கிற சத்தம் டப் டப்பென்று கேட்டது. பயணி ஒப்புக்கொண்டால் மட்டும் என்று எழுதினாள். அவன் எழுதினான், ஒப்புக்கொள்வாயா? அவள் எழுதினாள், நீ கேட்கவே இவ்வளவு நாளாச்சு. நீ. அந்த வரியில் அந்த நீ இருக்கிறது, இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்த்தால் இருக்கும். கல்யாணமாகி அவன் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், ஹாலில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார், வசுமதி சமையல்கட்டிலிருந்து "குணா, நீ காபி குடிச்சியா?" என்று கத்தினாள். அவ்வளவுதான். மாமியார் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "ஏஞ்சாமி, பேரைச் சொல்லிக் கூப்புடாத. வர்றவீக போறவீக என்ன நெனப்பாங்க?" அதுவும் நியாயம்தானே என்று தோன்றியது, புது மருமகள் வேறு. அன்றைக்கு வாங்கிக்கொண்டாள் அந்த ங்க-வை. முதலில் மாமியார் எதிரில் மட்டும், அறைக்குள் போனதும் நீ. பிறகு வாய் பழகிவிட்டது, அறைக்குள்ளும் நீங்க. நீங்க என்று சொல்லிக்கொண்டு ஒருத்தரைக் கிண்டல் பண்ண முடியுமா, முடியலாம், எத்தனையோ பேர் பண்ணுகிறார்கள், அவளுக்கு வரவில்லை. ஆண்கள் எட்டிப் பார்த்துத் துப்புவீங்க என்று சொன்னால் யார் சிரிப்பார்கள்? மாமியார் போய்ச் சில வருஷமாகிறது, நல்ல மனுஷி, கடைசிவரை வசுமதி கையால்தான் சாப்பிட்டார். அவர் போனபின்னும் ங்க போகவில்லை. சொன்னவர் போய்விட்டார், சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார்.

பார்வை மறுபடி சிவப்புக் கட்டத்துக்கு வந்தது. எத்தனை தடவை கை வைத்திருக்கிறார்கள் பார் என்று அந்த முட்டாள் கருவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அடேய், அது கோளாறு இல்லை, அது பேச்சு. ஒரு காலி வரியை ஒருத்தி சேர்ப்பாள், ஒருத்தன் எடுப்பான், அது உனக்கு எங்கே புரியப்போகிறது. நஸ்ரின் கருவியை ஆரம்ப காலத்திலிருந்து பார்க்கச் சொல்லி விட்டிருக்கிறாள், அதனால்தான் இந்தச் சிவப்பு, கடைசி இரண்டு வருஷத்தை மட்டும் பார் என்றால் என்ன சொல்லும்? தேதியை மாற்றினாள். கருவி கொஞ்ச நேரம் சுற்றியது. பக்கத்துசீட் பச்சையாகிவிட்டது. நல்ல பச்சை, மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமான பச்சை. பல வருஷமாக யாரும் கை வைக்கவில்லை, ஆகவே நலமாக இருக்கிறது. இதை இப்படியே கூட்டத்தில் காட்டினால் போதும், ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், எல்லாம் அப்படியே இருக்கும். நிம்மதி வர வேண்டும், வரவில்லை. யாரும் தொடவில்லை, சண்டை இல்லை, மாற்றம் இல்லை, புகார் இல்லை, அதனால் பச்சை. அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள், உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சத்தம் வந்து கேட்டதில்லைங்க, கொடுத்து வெச்சவங்க. கேட்கும்போது பெருமையாகக்கூட இருந்தது, சனியன். காலையில் அவர் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தாரே, அப்போதும் பச்சைதான். ஒரு வேளை அந்த வேலைக்கு ஆசையே இல்லையோ? இவள் வேண்டாம் என்று சொல்வாளா என்று பார்க்கத்தான் சொன்னாரோ? இல்லை, உண்மையிலேயே போனால் போதும் என்று இருக்கிறதோ? இந்நேரம் பதில் சொல்லியிருப்பாரோ? மணி நாலடிக்கப் போகிறது. சாயங்காலம் என்றால் எப்போது, ஐந்தா, ஆறா, ஹைதராபாத்காரர்களுக்குச் சாயங்காலம் எப்போது ஆரம்பிக்கும்? தேதியைப் பழையபடி மாற்றி வைத்தாள். ஏன் மாற்றினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிவப்பு வந்து உட்கார்ந்ததும் மூச்சு கொஞ்சம் சீராகியது.

கூட்ட அறையில் நஸ்ரினும் ஜெரால்டும் முன்பே வந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெரால்டுதான் புதிதாக எழுதப்போகிறவன், துடியான பையன், சிவப்பு என்றால் அவனுக்குக் கொண்டாட்டம். சுவரில் பக்கத்துசீட் பெரிதாகத் தெரிந்தது.

"அக்கா, வாங்க வாங்க. இதைப் பாருங்க. யாரோ ரெண்டு பேர் கமென்ட்லயே குடித்தனம் நடத்தியிருக்காங்க" என்றான் ஜெரால்டு. "அதெல்லாம் ஒரு சாப்பாடாவாம். பஸ் புக்கிங் கோடுக்குள்ள எதுக்குங்க்கா சாப்பாடு?"

"எழுதின டெவலப்பர் பேரும் இல்ல. டெவ் ஒன்னு, டெவ் ரெண்டுன்னு போட்டிருக்கு" என்றாள் நஸ்ரின். "ப்ரொபோசல் எல்லாம் இருக்குக்கா, நான் கீழ வரைக்கும் படிச்சிட்டேன்."

வசுமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சும்மா இருந்துவிடலாம். அவர்களோடு சேர்ந்து சிரித்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது. வாயைத் திறந்தாள், சரி என்றுதான் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள்.

"டெவ் ரெண்டு நான்தான்" என்றாள்.

ஜெரால்டின் சிரிப்பு பாதியில் நின்றது. நஸ்ரின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வசுமதி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், வேலையைப் பற்றிப் பேசும்போது அவளுக்குக் குரல் தடுமாறாது. இந்தச் சிவப்பை நம்பாதீர்கள், இத்தனை திருத்தத்தில் உள்ளே நிஜமாக மாறியது ரொம்பக் கொஞ்சம், மீதியெல்லாம் அரட்டை. குறிப்பு வரிகளைக் கணக்கில் எடுக்காதே என்று கருவிக்குச் சொல்லுங்கள், கடைசி இரண்டு வருஷத்தையும் தனியாகப் பாருங்கள். ஊர் நியாயம் சிக்கலாகத்தான் இருக்கும், அதனால் இதுவும் சிக்கலாக இருக்கிறது, ஆனால் ஒரு பயணியும் இதுவரை குறை சொன்னதில்லை. நிரல் இருக்கட்டும், அரட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

"எடுத்துடறதா? ஐயோ, பாவமா இருக்குக்கா" என்றாள் நஸ்ரின்.

"எடுத்துடு. அது அங்க கெடந்து யாருக்கு என்ன?" என்றாள் வசுமதி.

ஜெரால்டுக்கு ஆவல் தாங்கவில்லை. "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல திடீர்னு நின்னு போகுதே. டெவ் ஒன்னு அப்புறம் எழுதவே இல்ல. என்னங்க்கா ஆச்சு?"

"கல்யாணம் ஆச்சு" என்றாள் வசுமதி. "அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதிக்கல."

ஏதோ நல்ல நகைச்சுவை என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். நஸ்ரின்தான் முதலில் நிறுத்தினாள். வசுமதி அழவில்லை, கண் மட்டும் எரிந்தது, இப்போ வரேன் என்று எழுந்து வெளியே வந்தாள்.

நடைபாதையில் தண்ணீர் மெஷின் பக்கம் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சரவணம்பட்டி ரோட்டில் காலேஜ் பஸ்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன, வெயில் இன்னும் இறங்கவில்லை, இறங்கவில்லை என்றால் இன்னும் சாயங்காலம் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாமா என்று திறந்தாள். பால், கேஸ், பில், மகளுக்குப் பணம் போட்டாச்சு, மறுபடி பால். மூடிவிட்டு நம்பரை அழுத்தினாள். ஆபீஸிலிருந்து இந்த நேரத்தில் அவரை அவள் கூப்பிட்டதே இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது, அந்தக் காலத்துப் படியேற்றம் போல நெஞ்சு அடித்துக்கொண்டது, நாற்பத்தைந்து வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே வைதுகொண்டாள். எடுத்துவிட்டார்.

"என்னம்மா, ஏதாவது வாங்கணுமா?"

"ஒண்ணும் வாங்க வேண்டாங்..." ங்க பாதி வந்துவிட்டது. விழுங்கினாள். "பதில் சொல்லிட்டியா?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், போகவில்லை.

"குணா" என்றாள். பேர் வாய்க்குள் புதிதாக, கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "நீ போகாதே."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து நிற்கிறான் போல.

"இன்னொரு தடவ சொல்லு" என்றான்.